ஒரு வாரத்தில் பழகிவிடும்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு விலங்குகள் காப்பகத்தின் அலுவலக அறையில் இருந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். மேலாளர், சுழலாத சுழல் நாற்காலியில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி. மருத்துவர், தீவன டின்னின் மூடிமேல், ஒரு காலை மடித்து. வண்டி ஓட்டுபவர், உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல், வாசற்படியில். ஃபைலக்கா, தன் மேசைக்குப் பின்னால், பேனாவும் நோட்டுமாக. ஐந்தாவது ஆள், பதுங்கி என்ற பூனை. இரும்பு அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளியில் அது உட்கார்ந்திருந்தது. உட்கார்ந்திருந்தது என்பதும் ஊகம்தான்; கூடையைத் திறந்த கணத்தில் ஒரு சாம்பல் நிறக் கோடு தரையில் ஓடியதைப் பார்த்ததோடு சரி.

ஃபைலக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தது வண்டி ஓட்டுபவர். காப்பகத்துக்கு வரும் கடிதம், போகும் கடிதம், கூண்டில் தொங்கும் அட்டை, பூனை கேட்டு வருபவர்கள் நிரப்பும் படிவம் எல்லாம் பதினோரு வருடமாக அவள் கைவழியாகத்தான் போகின்றன. சின்ன ஊர்ப் பள்ளியில், நாலு கோடு நோட்டில், விரல் முட்டியில் அடி வாங்கிப் பழகிய கையெழுத்து. முத்து முத்தாக இருக்கும். தும்மினால்கூட நகல் எடுத்து வைப்பவள் என்று கேலி செய்வார்கள். அவளும் மறுக்கமாட்டாள்.

பதுங்கி திரும்பி வந்தது இது மூன்றாவது முறை. முதன்முதலில், பூட்டிய வீடு ஒன்றை இடிக்கப் போனவர்கள், சுவர் பாதி விழுந்த பிறகுதான் உள்ளே ஒரு பூனை இருப்பதைக் கண்டார்கள். அதற்கு முன் எத்தனை நாள் தனியாகக் கிடந்ததோ, யாருக்கும் தெரியாது. அன்று முதல் சத்தம் என்றால் ஓட்டம், கை என்றால் நடுக்கம்.

காலையில் கூடையைக் கொண்டுவந்து வைத்த அம்மாள் அழுதுகொண்டேதான் பேசினாள்.

"நாங்க ஒண்ணும் கொடுமைக்காரங்க இல்லீங்க. அட்டையில ஒரு வாரம்னு போட்டிருந்துச்சு. ஒரு வாரம் கட்டிலுக்கு அடியில அப்படியே விட்டோம். பசங்க எவ்வளவு நாள்தான் பொறுப்பாங்க? எட்டாம் நாள்தான் கட்டிலைத் தூக்கிட்டுப் பிடிச்சு இழுத்தோம். அதிலேர்ந்து தண்ணியைக்கூட நாக்குல வைக்கல. இன்னியோட மூணு நாள்."

அவள் கணவர் முழங்கை வரை இருந்த கீறல்களைக் காட்டிவிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

"மூணு நாள் பட்டினிங்கறது நாய்க்கு ஒண்ணுமில்ல சார்," என்றார் மருத்துவர். "பூனைக்கு ஈரல் போயிடும். ஊசிக்குழாய்ல ஊட்டலாம். ஊட்டணும்னா பிடிக்கணும். பிடிச்சா பயப்படும். பயந்தா சாப்பிடாது."

"கல்யாணம் ஆனாத்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணம் ஆகும்," என்றார் வாசற்படிக்காரர்.

"சிரிப்பு வரலைண்ணே."

"எனக்கும்தான் வரல டாக்டரம்மா."

சுவருக்கு அந்தப் பக்கம் நாற்பது நாய்கள். ஒன்று ஆரம்பித்தால் மற்ற முப்பத்தொன்பதும் வழிமொழியும். ஒவ்வொரு முறை குரைப்பு எழும்போதும் அலமாரியின் பின்தகடு லேசாக அதிர்ந்தது. பின்னாலிருந்து ஏதோ அதில் இடிக்கிறது.

"இங்க வெச்சா அது பிழைக்காது," என்றார் மருத்துவர். "எனக்கு வேண்டியது ரொம்பச் சின்ன விஷயம். சத்தமில்லாத ஒரு அறை. ஒரே இடத்துல உட்கார்ந்திருக்கிற ஒரு மனுஷர். அவர் இதைத் தேடக்கூடாது, கூப்பிடக்கூடாது, திரும்பிக்கூடப் பார்க்கக்கூடாது. அப்படி ஒரு இடம் கிடைச்சா அதுவா வந்து சாப்பிடும்னு நினைக்கிறேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் எப்படியாவது ஊட்டிப் பார்க்கிறேன்."

"வெள்ளிக்கிழமைக்கு அப்புறம்?" மேலாளர் கேட்டார்.

"அப்புறம் கஷ்டப்பட விடமாட்டேன். ஊசியை நானே போடுவேன். வேற யாரையும் கைகாட்ட மாட்டேன்."

அறையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேலாளர் வீட்டில் மூன்று நாய்கள். மருத்துவர் வீட்டில், தவழத் தொடங்கிய, தொண்டை கிழியக் கத்தும் குழந்தை. வண்டி ஓட்டுபவர் இருப்பது நாலு பேர் பங்குபோட்ட ஒற்றை அறையில். அங்கே டிவி ஓயாது. ஃபைலக்காவின் இரண்டு அறைகளில் அவள் தங்கையும் தங்கையின் இரட்டைப் பிள்ளைகளும். கீழே வெல்டிங் கடை. நான்கு வீடுகளும் நான்கு மூச்சில் முடிந்துபோயின.

ஃபைலக்கா எழுந்து, பதுங்கியின் மூன்று அட்டைகளையும், கூடவே திருப்பிக் கொடுத்தவர்கள் எழுதிக்கொடுத்த காரணத் தாள்களையும் மேசையில் பரப்பினாள். முதல் வீடு: ஒன்பதாம் நாள், பாத்திரத் தொட்டிக்கு அடியிலிருந்து துடைப்பத்தால் வெளியே தள்ளினார்கள். இரண்டாவது வீடு: எட்டாம் நாள், அறைக்கதவைச் சாத்திப் போர்வை போட்டுப் பிடித்தார்கள். மூன்றாவது வீடு: எட்டாம் நாள், கட்டில்.

மூன்று அட்டையிலும் அவள் கையெழுத்து. மூன்றிலும் ஒரே வாசகம்: 'சற்றுக் கூச்ச சுபாவம். ஒரு வாரத்தில் பழகிவிடும்.' எழுத்துக்குக்கூட மாற்றமில்லை. முதல் அட்டை அழகாக அமைந்துவிட்டதே என்று அடுத்த இரண்டையும் அதைப் பார்த்தே எழுதியிருந்தாள்.

மூன்றையும் மேலாளர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"சார்."

"சொல்லுங்க."

"மூணு வீட்டுக்காரங்களும் ஏழு நாள் சும்மா இருந்திருக்காங்க. ஒருத்தர்கூட ஆறாம் நாள் கை வைக்கல. நல்லவங்க சார் எல்லாரும். நான் கெடு வெச்சேன், அவங்க கெடுவை மதிச்சாங்க. கெடு முடிஞ்சதும் இழுத்துட்டாங்க."

"அட, எல்லா அட்டையிலும்தான் அப்படி எழுதறோம். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்றதில்லையா? கடிக்கிற நாயை 'சுறுசுறுப்பு'ன்னு போடறோம்."

"போன மாசம் ஒரு சுறுசுறுப்புதான் என் கால்ல நாலு தையல் போட வெச்சுது," என்றார் வண்டி ஓட்டுபவர்.

ஃபைலக்கா சிரிக்கவில்லை. "யாரு சார் சொன்னா ஒரு வாரம்னு? டாக்டரம்மா சொன்னாங்களா? நானா எழுதினது. படிக்க நல்லா இருக்கேன்னு எழுதினது."

மருத்துவர் மடித்திருந்த காலைக் கீழே இறக்கினார்.

ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிற மனுஷர். இந்த வார்த்தையை எங்கேயோ படித்திருக்கிறோம் என்று அவள் மனம் அப்போதிருந்தே அரித்துக்கொண்டிருந்தது. படித்தது ஒரு படிவத்தில். நிராகரித்த படிவங்களின் கட்டு இருந்தது அதே இரும்பு அலமாரியின் கீழ்த்தட்டில். அலமாரிக் கதவோ, திறந்தால் பன்றி அடிப்பதுபோல் அலறும்.

செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். கதவின் அடிப்பக்கத்தை இரண்டு கையாலும் தாங்கித் தூக்கி, மயிரிழை மயிரிழையாக நகர்த்தினாள். பாதியில் ஒரு சின்ன முனகல் எழுந்தது. தகடு படபடவென்று அதிர்ந்தது. அவள் அப்படியே கதவைத் தாங்கியபடி அசையாமல் இருந்தாள். தோள்பட்டை வலித்தது. மேலாளர் நாற்காலியில் மூச்சுக்கூட விடவில்லை. அதிர்வு அடங்கியதும் மறுபடி ஒரு மயிரிழை. கட்டு கைக்கு வருவதற்குள் கால் மணி நேரம் ஆகிவிட்டது.

முப்பதுக்கு ஏழு மதிப்பெண் வாங்கிய படிவம் அது. அவள் மெல்லிய குரலில் வாசித்தாள்.

"தொழில்: பல்செட் செய்து கொடுப்பது, வீட்டிலேயே. வீட்டில் உள்ளவர்கள்: நானும் மற்றவர்களுடைய பற்களும்."

"ஆள் தமாஷ்தான்," என்றார் வண்டி ஓட்டுபவர்.

"தினமும் எவ்வளவு நேரம் பூனையோடு விளையாடுவீர்கள்: விளையாட மாட்டேன். எட்டு மணி நேரம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். தொலைபேசி: மணிச் சத்தம் ஆகாததால் எடுத்துவிட்டேன். வாசல் அழைப்பு மணியையும் கழற்றிவிட்டேன். கடிதம் போடவும்."

"பூனைக்கு யார் மணி கட்டறதுன்னுதான் ஊர்ல கேப்பாங்க. இவர் இருந்த மணியையும் கழட்டிட்டார்."

"ஏன் பூனை வேண்டும்: அறையில் இன்னொரு உயிர் இருந்தால் போதும். அது என்னைப் பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை."

படிவத்தின் ஓரத்தில் சிவப்பு மையில் அவளே எழுதியிருந்தாள்: 'ஆர்வம் இல்லை.' விளையாட்டுக் கேள்விக்கு மட்டும் பத்து மதிப்பெண். அதில் அவருக்குச் சுழியம். படிவத்தோடு, அவள் அவருக்கு அனுப்பிய மறுப்புக் கடிதத்தின் நகலும் குத்தியிருந்தது. 'தங்களிடம் போதிய ஈடுபாடு காணப்படவில்லை என்பதை வருத்தத்துடன்...' தேதி போட்டு, கீழே கோடு வேறு போட்டிருந்தாள்.

"நாம மறுத்தவங்களை ஒரு வருஷத்துக்குத் திரும்பக் கூப்பிடக்கூடாதுன்னு விதி இருக்கு," என்றார் மேலாளர். "பதினோரு மாசம்தான் ஆகுது."

"அந்த ஒரு மாசத்தை வெள்ளிக்கிழமை பூனையோட சேர்த்துப் புதைக்கலாம் சார்," என்றார் மருத்துவர்.

மேலாளர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். "நான் போட்ட விதிதான். கொடுங்க, கையெழுத்துப் போடறேன். ஆனா அவர் இன்னும் அங்கதான் இருக்காரா, வேற பூனை எடுத்துட்டாரா, உங்க மேல கோபமா, ஒண்ணும் தெரியாதே?"

"தெரியாது சார்."

மற்றவர்கள் வெளியே போனார்கள். மருத்துவர் பிசைந்த மீனை ஒரு தட்டில் வைத்து அலமாரி ஓரமாகத் தள்ளிவிட்டுப் போனார்.

ஃபைலக்கா தாளை எடுத்தாள். அனுப்புநர், பெறுநர், பொருள். பள்ளியில் படித்த வரிசை மாறாமல் கை தானே எழுதிக்கொண்டு போனது. 'அழகான சாம்பல் நிறப் பூனை. சற்றுக் கூச்ச...' என்று எழுதியதும் கை நின்றது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, மறுபடி அதே வாசகம்! தாளைக் கிழித்தால் சத்தம் கேட்கும் என்று மெல்ல மடித்துக் கீழே வைத்தாள். இரண்டாம் தாளில் 'அன்பு காட்டினால்' என்று வந்தது. அதையும் மடித்தாள். நாய்கள் குரைத்தன, தகடு அதிர்ந்தது, தட்டு வைத்தது வைத்தபடி இருந்தது. எழுதத் தெரிந்த ஒரே ஆள் என்று பதினோரு வருடம் இவளை நம்பியிருக்கிறார்கள். ஒரு பூனையைப் பற்றி உள்ளது உள்ளபடி நாலு வரி எழுத வரவில்லை. பேனாவை மூடிவிட்டு முகத்தைக் கையில் புதைத்துக் கொஞ்ச நேரம் அழுதாள், அதையும் சத்தமில்லாமல்.

மூன்றாம் தாளில் இப்படி எழுதினாள்:

'ஐயா, பதினோரு மாதங்களுக்கு முன் உங்களுக்கு மறுப்பு எழுதியவள் நான். உங்கள் படிவத்தைத் தவறாகப் படித்தேன். மன்னிக்கவும்.

எங்களிடம் ஒரு பூனை இருக்கிறது. மூன்று வீடுகள் திருப்பித் தந்துவிட்டன. காரணம் பூனை அல்ல. ஒரு வாரத்தில் பழகிவிடும் என்று நான் எழுதிய பொய். அது எப்போது பழகும் என்று எனக்குத் தெரியாது. பழகாமலே இருக்கலாம். உங்கள் மடியில் உட்காராது. பல மாதம் நீங்கள் அதன் முகத்தையே பார்க்காமல் இருக்கக்கூடும். தட்டு காலியாவது மட்டும்தான் அடையாளம். தொட்டால் கீறும். திடீர்ச் சத்தம் ஆகாது. உங்கள் வேலையில் இயந்திரச் சத்தம் உண்டா என்று தெரிவிக்க வேண்டும்.

மூன்று நாளாக அது சாப்பிடவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் அமைதியான இடம் கிடைக்காவிட்டால் அதை ஊசி போட்டு நிரந்தரமாக உறங்கச் செய்துவிடுவார்கள். இதைச் சொல்லி உங்களை நெருக்க எனக்கு மனமில்லை. சொல்லாமல் விட்டால் மறுபடியும் மறைத்தவள் ஆவேன்.

வேண்டாம் என்றாலும் ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.'

படித்துப் பார்த்தாள். எந்தப் பெற்றவளும் தன் பெண்ணைப் பற்றி வரன் வீட்டுக்கு இப்படி எழுதமாட்டாள். கையெழுத்திட்டாள். நகல் எடுக்கத் தாளைத் தேடவில்லை. பதினோரு வருடத்தில் நகல் எடுக்காத முதல் கடிதம் அதுதான். மடித்து உறையிலிட்டு, பசையைத் தடவி, ஓரத்தைக் கட்டைவிரலால் நீவி ஒட்டினாள்.

வண்டி ஓட்டுபவர் வாசற்படியில் சாவியோடு காத்திருந்தார். "பதுங்கியையும் கூடையில வெச்சு எடுத்துட்டுப் போறேங்க்கா. கையோட காட்டிட்டா மனசு இளகும்."

"வேணாம்ண்ணே. லெட்டர் மட்டும். கதவுல இருக்கிற இடுக்கு வழியா உள்ள போடுங்க. தட்டாதீங்க."

"தட்டாம? அவர் எப்பப் பார்ப்பாரு?"

"பார்க்கிறப்போ பார்ப்பாரு. நீங்க வாசல்ல உட்கார்ந்திருங்க. பதில் வாங்காம வராதீங்க."

"எவ்வளவு நேரம் உட்காரட்டும்?"

ஒரு மணி நேரம் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஃபைலக்கா அதை விழுங்கினாள்.

"தெரியலண்ணே."

அவர் அவளை ஒரு கணம் பார்த்தார். உறையைச் சட்டைப்பைக்குள் வைத்து, மேலே கையை வைத்து ஒருமுறை அழுத்திக்கொண்டார். நாய்கள் எழும்பிவிடக் கூடாதென்று, வண்டியைக் கிளப்பாமல் வாயில்வரை தள்ளிக்கொண்டே போனார்.