மூன்றாம் நாள் சிவப்பு

வெளியே கிளம்பும் நாளில் அம்மா தண்ணீர் குடிக்கமாட்டாள். எங்கள் வீடிருக்கும் தாபோடியில் அவள் பை தைத்த கம்பெனியில் பெண்களின் கழிப்பறைக்கு சூப்பர்வைசரின் மேசையைத் தாண்டித்தான் போகவேண்டும். அவர் ஒவ்வொரு முறையும் கடிகாரத்தைப் பார்ப்பார். அதனால் காலை டீக்கு மேல் அங்கே பெண்கள் யாரும் எதுவும் குடிப்பதில்லை. மார்பில் கட்டி வந்து வேலையை விட்ட பிறகும் அம்மாவை அந்தப் பழக்கம் விடவில்லை.

ஆஸ்பத்திரியில் கீமோவுக்கு இரண்டு மருந்துகள் ஏற்றினார்கள். ஒன்று சிவப்பு. அன்றும் மறுநாளும் சிறுநீர் சிவப்பாகப் போகலாம், பயப்படவேண்டாம் என்று நர்ஸ் வைஷாலி இந்தியில் சொன்னார். இன்னொன்று நிறமில்லாதது, சைக்ளோபாஸ்பமைட். அதற்கு நிறையத் தண்ணீர் குடிக்கவேண்டும் என்றும் சொன்னார். அம்மா இரண்டுக்கும் தலையாட்டினாள்.

இரண்டாவது தடவை ஏற்றிய மூன்றாம் நாள் அம்மா முகத்தைச் சுளித்தபடி பாத்ரூமிலிருந்து வந்தாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல மீனு. சிவப்பு மருந்து இன்னும் போவுது. கொஞ்சம் எரியுது."

நான் வேதியியல் படித்தவள். சிவப்பு மருந்தின் நிறம் மூன்றாம் நாள் வரை தங்காது. எரியவும் எரியாது.

ரத்தம்தான் என்றார் டாக்டர். இன்னொரு முறை இப்படி ஆனால் சைக்ளோபாஸ்பமைடை நிறுத்தவேண்டி வரலாம் என்றார். கட்டி அப்போதுதான் சுருங்க ஆரம்பித்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள். "அந்த மருந்து உள்ள போய் என்னதான்டி பண்ணுது?"

"கேன்சர் செல் ரெண்டாகணும்னா உள்ள இருக்கற டிஎன்ஏ ஜிப் மாதிரி திறக்கணும். இந்த மருந்து ரெண்டு பக்கத்தையும் சேத்து ஒட்டிடும்."

"ஜிப்புக்குக் குறுக்க தையல் போட்டாப்ல."

"அதேதான். திறக்க முடியாம செல் செத்துடும்."

அம்மா மொட்டைத் தலையைத் தடவினாள். "இங்கயும் அதே தையலா?"

"வேகமாப் பெருகற செல்லெல்லாம் மாட்டிக்கும்மா."

"சரி, மூத்திரப் பை என்ன பாவம் பண்ணுச்சு?"

"மருந்து உடைஞ்சு வர்ற கழிவு அங்கதான் சேருது. தேங்கினா அரிச்சுடும். தண்ணி குடிச்சு அப்பப்ப வெளிய விட்டுடணும்."

"பஸ்ல எங்கடி விடறது?"



மூன்றாவது தடவை, அம்மா குடித்து முடிக்கும் வரை வைஷாலி டம்ளரோடு பக்கத்திலேயே நின்றார். திரும்பும்போது பஸ் நெரிசலில் மாட்டிக்கொண்டது. அம்மாவின் மடியில் தண்ணீர் பாட்டில் மூடி திறக்காமல் இருந்தது. கால்களை இறுக்கிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள்.

"இறங்கிடலாம்மா."

"சும்மா இரு. வீடு வந்துடும்."

பஸ் நகரவில்லை. நிறுத்தத்தைத் தவறவிட்டால் கண்டக்டரைக் கூப்பிடாமல் அடுத்ததில் இறங்கி நடந்து வருகிறவள் நான். எழுந்தேன். வண்டியின் கதவைத் திறக்கச் சொல்லி மராத்தியில் கத்தினேன். அம்மாவின் கையைப் பிடித்து இறக்கி எதிரிலிருந்த ஸ்வீட் கடைக்குள் போனேன்.

பாத்ரூம் வாடிக்கையாளர்களுக்கு இல்லை என்றார் கடைக்காரர்.

"அம்மாவுக்குக் கீமோ நடக்கிறது. அடக்கக் கூடாது" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. ஜிலேபி வாங்க நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கல்லாவில் இருந்த பெண் எழுந்து வந்து, சர்க்கரை மூட்டைகளைத் தாண்டி அம்மாவை உள்ளே கூட்டிப்போனார்.

திரும்பி வந்த அம்மா என் காதில் சொன்னாள். "சிவப்புதான்டி."

"இன்னைக்கு இருக்கலாம்."

"நாளைக்கு?"

"நாளைக்கும். அதுக்கப்புறம் கூடாது."

அம்மா அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். பாட்டிலைத் திறந்து பாதியைக் குடித்தாள்.

"என்னா கத்து கத்துற! பஸ்ஸே நடுங்கிப் போச்சு. தாபோடி வர்றதுக்குள்ள இன்னும் எத்தன கடைல கத்தணுமோ?"

"நான் கத்தறேன். நீ குடி."

மீதியையும் குடித்தாள்.

மூன்றாம் நாள் காலை நான் பாத்ரூம் கதவுக்கு வெளியே நின்றேன்.

"மீனு."

"சொல்லும்மா."

"வெள்ளையா இருக்குடி. எரியல." பிறகு குவளை உருளும் சத்தம். "சொம்புல குடிக்கத் தண்ணி ரொப்பி வை, வரேன்."