முன் சீட்டு மூட்டை

அவரை அந்தத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கிராம்காரர் என்றால்தான் தெரியும். கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துகிற அரசாங்க உத்தியோகம். அந்த உத்தியோகம் ஆபீஸ் வாசலோடு நின்றிருந்தால் யாருக்கும் தொந்தரவில்லை. அவரோ கடையில் வாங்கிய வெங்காயத்தை வீட்டில் இன்னொரு முறை நிறுத்துப் பார்க்காமல் சமையலறைக்குள் விடமாட்டார். இப்பேர்ப்பட்ட மனிதர் கையில் ஒரு பழைய சின்ன கார் இருந்தது, பெட்ரோல் விலையும் ஏறிக்கொண்டே போனது. அப்புறம் என்ன, கார் இளைக்க ஆரம்பித்தது.

முதலில் ஸ்டெப்னியும் ஜாக்கியும் இறங்கின. "வழியில பஞ்சரானா என்ன பண்றது? நாமளே சக்கரமா உருள்றதா?" என்று மனைவி கேட்டாள். அடுத்து மேலே இருந்த கேரியர் போனது, காலடி விரிப்புகள் போயின, கதவுக்குள் இருந்த பஞ்சுகூடப் போனது. முன்பக்கத்து வலையைப் பாதி மறைத்து அட்டை கட்டினார், காற்று உள்ளே புகுந்து வண்டியைப் பிடித்து இழுக்காதாம். டயரில் கல் மாதிரி காற்றடித்தார். கழற்றிய ஒவ்வொன்றையும் தராசில் வைத்துப் பார்த்து, பிள்ளைக்குப் பல் முளைத்ததைச் சொல்வதுபோல் மனைவியிடம் வந்து சொல்வார். கடைசியில் பின் சீட்டையே பெயர்த்தெடுத்து மாடிப்படிக்குக் கீழே போட்டார்.

"அப்ப நான் எங்க உட்கார்றது?"

"நீதான் எங்கயும் வர்றதே இல்லையே."

அந்த வீட்டில் அவள் சொல்லாமல் விட்டதை எல்லாம் நிறுத்தால் எந்தத் தராசும் தாங்காது.

இத்தனைக்கும் பிறகு வண்டியில் மிஞ்சியது முன் சீட்டு. அதில் மச்சான்.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். கல்யாணம் செய்துகொள்ளாதவர், தங்கையோடேயே தங்கிவிட்டவர். பேக்கரியில் கேக்குக்குக் கிரீம் பூ வைப்பதும் எழுத்து எழுதுவதும் அவர் வேலை. ஆள் நல்ல பருமன். அவர் ஏறினால் கார் அந்தப் பக்கமாக ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் கிளம்பும். பேக்கரியில் அடுப்புச் சூட்டுக்குக் கிரீம் நிற்காது என்பதால், பெரிய கேக்குகளை வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே விடிகாலையில் முடித்துவிடுவார். அப்புறம் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளையோடு கிளம்புவார். கிரீம் இளகக் கூடாது என்று ஏசி வேறு போட வேண்டும். கிராம்காரருக்கு அந்த ஏசி ஓடுகிற சத்தம், தன் ரத்தத்தை யாரோ ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுவதுபோல் கேட்கும்.

ஆனால் ஒன்று. மச்சான் வழி நெடுகக் கதை சொல்வார், எல்லாம் கேக்குக் கதைதான். அந்தச் சமயத்தில் ஓடிக்கொண்டிருந்தது நாற்காலிக் கதை. ஒரு மாடி வீட்டுக்காரர் ராத்திரியானால் நாற்காலியைத் தரதரவென்று இழுக்கிறாராம். கீழ்வீட்டு அம்மாவுக்கு நேரில் போய்ச் சண்டை போடக் கூச்சம். அதனால் கேக் ஒன்று ஆர்டர் கொடுத்து, அதன்மேல் 'தயவுசெய்து நாற்காலியை இழுக்காதீர்கள்' என்று எழுதச் சொல்லி மேலே அனுப்பிவிட்டார். மறு வாரம் மாடிக்காரரே பேக்கரிக்கு வந்து பதில் கேக் கேட்டாராம்.

"என்ன எழுதச் சொன்னாரு?"

"பேக்கரி வந்திருச்சு மாப்ள. சாயங்காலம் சொல்றேன்."

அந்தச் சாயங்காலம்தான் வினை வந்தது. திரும்பும் வழியில் ஒர்க்‌ஷாப்பில் வண்டியை நிறுத்தினார்கள். மச்சான் டீ வாங்கி வருகிறேன் என்று எதிர்க்கடைக்குப் போனார். பானெட்டுக்குள் தலையை விட்டிருந்த மெக்கானிக் நிமிர்ந்து சிரித்தான்.

"எல்லாத்தையும் உருவிட்டீங்க சார். இனி கழட்டுறதுக்கு வண்டியில என்ன இருக்கு?"

"முன் சீட்டுல ஒரு மூட்டை இருக்கு. அதத்தான் இறக்க வழி தெரியல."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்து கிராம்காரர் திரும்பினால், மச்சான் இரண்டு கையிலும் டீக்கிளாஸோடு நிற்கிறார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று முகத்தில் தெரியவில்லை.

"சூடா இருக்கு, பார்த்துப் பிடிங்க" என்று மட்டும் சொன்னார்.

அன்று கதை வரவில்லை. மறுநாள் காலை, "பேக்கரி வேன் இந்தப் பக்கமா வருதாம் மாப்ள. இனி நான் அதுலயே போயிக்கிறேன்" என்றார். வேண்டாம் என்று சொல்ல நினைத்தார் கிராம்காரர். ஆனாலும் வண்டி மைலேஜ் எங்கே போய் நிற்கும் என்று மனசு ஒரு மூலையில் கணக்குப் போட்டது. அந்த மனசை என்ன செய்வது? அதைக் கழற்றிவைக்க மாடிப்படிக்குக் கீழே இடமில்லை.

அடுத்த தடவை டேங்கை நிரப்பி, ஓடிய தூரத்தை வகுத்துப் பார்த்தார். மைலேஜ் குறைந்திருந்தது. நம்பவில்லை. மூட்டை இல்லை, ஏசி இல்லை, எப்படிக் குறையும்? பெட்ரோல் பங்க்காரன் அளவில் கைவைத்துவிட்டான் என்று வேறு பங்க்குக்கு மாறினார். அதற்கடுத்த தடவை இன்னும் குறைந்தது. மெக்கானிக்கைக் கடிந்துகொண்டார். முன்னால் கட்டிய அட்டையை அவிழ்த்து மறுபடி கட்டினார். எதற்கும் வண்டி மசியவில்லை. எரிச்சலில் முன்னால் போகிறவனை எல்லாம் ஹாரன் அடித்துத் துரத்திக்கொண்டு ஆபீஸ் போனார்.

ஒரு நாள் சாப்பிடும்போது மனைவி தட்டைப் பார்த்தபடியே சொன்னாள். "வேனும் இல்ல, ஒண்ணும் இல்ல. அண்ணன் பஸ்லதான் போறாரு. கூட்டத்துல கேக்கை எப்படித்தான் கொண்டுபோறாரோ. இப்ப பேக்கரி பக்கத்துலயே ரூம் பார்த்துட்டாரு. ஞாயித்துக்கிழமை போறாராம்." அப்புறம் தலையை நிமிர்த்தி, "நீங்க அவரை ஏதாவது சொன்னீங்களா?" என்றாள்.

"நான் என்ன சொல்லப்போறேன்?" என்றார் கிராம்காரர். பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டார்.

மறுநாள் காலை சிக்னல் மஞ்சளுக்கு மாறியது. தாண்டிவிடலாம் என்று மிதித்தார். முடியாது என்று தெரிந்ததும் ஓங்கிப் பிரேக்கை அழுத்தினார். வண்டி குலுங்கி நின்ற அந்த நொடியில் அவர் கை தானாகப் பக்கத்துச் சீட்டுக்குப் பாய்ந்து, அங்கே இல்லாத பெட்டியைத் தாங்கிப் பிடித்தது.

கையை அவர் உடனே எடுக்கவில்லை. பச்சை விழுந்து பின்னால் ஹாரன்கள் அலறின. அப்போதும் எடுக்கவில்லை. இத்தனை நாளும் கேக் சரியக் கூடாது என்று பள்ளம் பார்த்து, சிக்னலைத் தூரத்திலேயே பார்த்துக் காலைத் தளர்த்தி, கதை கேட்டுக்கொண்டே நிதானமாக உருட்டிக்கொண்டு போனவர் அவர்தான். அட்டையாலும் இல்லை, பின் சீட்டைப் பெயர்த்ததாலும் இல்லை. மைலேஜ் கொடுத்தது அந்த மூட்டை. ஊரிலுள்ள தராசை எல்லாம் சரிபார்க்கிற மனிதர், தன் வீட்டு ஆளைத் தப்பாக நிறுத்துவிட்டார். அவமானமாக இருந்தது. அதைவிட, அந்த ஆள் இல்லாத சீட்டைப் பார்க்கத் தாங்கவில்லை.

ஞாயிறு காலை மச்சானின் சாமான்களைக் காரில் ஏற்றினார்கள். பின் சீட்டு இருந்த வெற்றிடத்தில் டிரங்குப் பெட்டியும் மெத்தையும் கேக் தட்டுகளும் அடைந்துகொண்டன. "பின் சீட்டு இருந்திருந்தா நானும் வழியனுப்ப வந்திருப்பேன்" என்று சொல்லிவிட்டு மனைவி உள்ளே போய்விட்டாள். மச்சான் மடியில் ஒரு கேக் பெட்டி இருந்தது, யாருடைய ஆர்டரோ. வண்டி கும்பிடு போட்டுக் கிளம்பியது.

கிராம்காரர் ஏசியைப் போட்டார்.

"எதுக்கு மாப்ள? பக்கம்தானே."

"கிரீம் இளகிரும்."

அதற்குமேல் வாயைத் திறப்பதற்குக் கிராம்காரர் பட்ட பாடு, பின் சீட்டைப் பெயர்க்கக்கூடப் பட்டதில்லை. மைலேஜ் குறைந்துவிட்டது, அதனால் வாருங்கள் என்று சொன்னால் அது இன்னொரு மூட்டைக் கணக்கு. அது அவருக்கே தெரிந்தது.

"அன்னைக்கு ஒர்க்‌ஷாப்புல நான் பேசினது தப்பு மச்சான்."

மச்சான் பெட்டியின் நூலைச் சரிசெய்தார். "நான் பருமன்தானே. இல்லாததையா சொன்னீங்க."

"பருமன்னு சொல்லல. மூட்டைன்னேன். ஒரு ஆளைப் பார்த்துச் சொல்ற வார்த்தையா அது? நீங்க இல்லாம அந்தச் சீட்டைப் பார்க்கவே முடியல."

மச்சான் கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிக்னல் தூரத்தில் சிவப்பாக இருந்தது. கிராம்காரர் காலைத் தளர்த்தினார். வண்டி மெதுவாக உருண்டு, பெட்டி அசையாமல் போய் நின்றது. பச்சை விழுந்ததும் நேராகப் போனார்.

"திருப்பம் போயிருச்சு மாப்ள. ரூம் அந்தப் பக்கம்."

"தெரியும்."

"இந்த ரோடு சுத்திக்கிட்டு நம்ம வீட்டுக்கில்ல போகும். பெட்ரோல் வீணாகுது."

"ஆகட்டும்" என்றார் கிராம்காரர். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததை அவர் மனைவியிடம் சொன்னால் நம்பமாட்டாள். "நீங்க அந்த நாற்காலிக் கதையச் சொல்லுங்க. மாடிக்காரர் பதிலுக்கு என்ன எழுதச் சொன்னாரு?"

மச்சான் பெட்டியை மடியில் நன்றாக இழுத்து வைத்துக்கொண்டு, சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"'நாற்காலி ரெண்டு இருக்கு, ஒரு நாள் மேல வந்து உட்காருங்க'ன்னு எழுதச் சொன்னாரு."

"அந்தம்மா போனாங்களா?"

"அது இன்னைக்கு ஒரு நாள்ல முடியுற கதை இல்ல மாப்ள."

"சரி, மிச்சத்த நாளைக்குச் சொல்லுங்க" என்றார் கிராம்காரர். முன்னால் ஒரு பள்ளம் வந்தது. கேக் குலுங்காமல் அதைச் சுற்றிக்கொண்டு போனார்.