பாலத்துக்கு அந்தப் பக்கம்

அக்காவும் தங்கையும் கல்யாணமாகி வந்து சேர்ந்தது பக்கத்துப் பக்கத்து நாடுகளில். நடுவே ஓர் ஆறும் ஒரு பாலமும்தான். ஆனால் ஃபோனை எடுத்துவிட்டால் போட்டி ஆரம்பமாகிவிடும்.

"எங்க ஊர்ல குழாயத் திறந்து அப்படியே தண்ணி குடிக்கலாம்டி" என்பாள் அக்கா.

"எங்க வீட்டுல தோட்டமே இருக்குக்கா. நீ ஜன்னல்ல தொட்டி வச்சிருக்கியே, அது மாதிரி இல்ல" என்பாள் தங்கை.

அக்கா பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்த்தாள். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவருடைய கம்பெனி பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிளை திறந்து, அங்கே போக விருப்பமா என்று கேட்டது. "நீ தங்கச்சி வீட்டுக்குப் போய்ப் பார்த்துட்டு வா. உனக்குப் பிடிச்சா எனக்குச் சரி" என்று சொல்லிவிட்டார்.

போன மாதம் தன் வீட்டில் நடந்ததை அக்கா தங்கையிடம் மூச்சுவிடவில்லை. குளியலறையில் வழுக்கி விழுந்து, கணுக்கால் பிசகி, எழ முடியாமல் சுவரைத் தட்டோ தட்டென்று தட்டினாள். கடைசியில் அடுக்குமாடிக் காவலாளி வந்தார். "சத்தமா இருக்குன்னு பக்கத்து வீட்டுலேர்ந்து புகார் வந்திருக்கு, கொஞ்சம் மெதுவா" என்று வாசல் கதவுக்கு வெளியிலிருந்தே சொல்லிவிட்டுப் போய்விட்டார். கணவர் வேலை முடிந்து வரும்வரை அவள் ஈரத்தரையில்தான் கிடந்தாள்.

தங்கை வீடு பெரிய வீடுதான். தோட்டமும் பொய்யில்லை. "இங்க கரண்டு போனதா சரித்திரமே இல்ல அண்ணி" என்று தங்கையின் கணவர் சொல்லி வாய் மூடவில்லை, மேலே ஃபேன் தள்ளாடி நின்றது. "இன்னிக்குத்தான் முதல் தடவை" என்று அசடு வழிந்தார். தங்கை அவரை முறைத்தாள்.

வேர்த்துக் கொட்டியதால் அக்கா குளிக்கப் போனாள். தலை நிறைய ஷாம்பு. குழாய் இருமிவிட்டு ஓய்ந்தது. கண்ணை மூடியபடி தாழ்ப்பாளைத் தடவினாள், அது அசையவில்லை. சுவரைத் தட்டிய அந்த நாள் நினைவுக்கு வர, கதவைப் படபடவென்று தட்டினாள்.

"அடியே, கதவு மாட்டிக்கிச்சு!"

தங்கையின் கணவர் ஓடிவந்து இழுத்ததில் கைப்பிடி மட்டும் அவர் கையோடு வந்தது. அதற்குள் தெருவே திரண்டுவிட்டது. எதிர்வீட்டுக் கார் மெக்கானிக் சுத்தியலோடு வந்தார். ஒருவர் எதற்கென்றே தெரியாமல் ஏணி கொண்டுவந்தார். ஆளுக்கொரு யோசனை, எல்லாம் அக்காவுக்குப் புரியாத மொழியில். ஆனால் ஒரு பெண்குரல் மட்டும் கதவோடு கதவாக ஒட்டிக்கொண்டு, குழந்தையைத் தேற்றுவது போல விடாமல் பேசிக்கொண்டே இருந்தது. அர்த்தம் தெரியாவிட்டாலும் அக்காவின் மூச்சு மெல்லச் சீரானது.

மெக்கானிக் கீல்களைத் தட்டிக் கழற்றினார். கதவு ஆடியதும் அந்தக் குரலுக்குரியவர், பக்கத்து வீட்டுப் பள்ளி ஆசிரியை, ஆண்களையெல்லாம் வாசலுக்கு விரட்டிவிட்டு, ஒரு பெரிய துண்டோடும் தன் வீட்டு வாளித் தண்ணீரோடும் உள்ளே வந்தார். நுரை வழிய நின்ற அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்போடு அழுகையும் வந்தது.

பிறகு சமையலறையில் தங்கை தலை குனிந்து நின்றாள்.

"இங்க தினமும் கரண்டு போகும்க்கா. தண்ணி நெனச்சா வரும். உன்கிட்ட சும்மா பீத்திக்கிட்டேன்."

அக்கா தான் விழுந்து கிடந்ததைச் சொன்னாள். தங்கை பதறிப்போனாள்.

"ஏன்க்கா என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ ஜெயிச்சிடுவியே!"

இருவரும் கட்டிக்கொண்டு சிரித்தார்கள். பெரிய மூட்டையை இறக்கி வைத்தாற்போல் இருந்தது.

அக்கா கணவருக்கு ஃபோன் போட்டாள். "என்னங்க, இங்க கரண்டு இருக்காது, தண்ணி வராது, கதவு திறக்காது."

"அப்போ வேணாம்னு சொல்லிடவா?"

"வர்றோம்னு சொல்லிடுங்க."

"அப்பாடா!" என்றார் அவர். "உன்னைத் தனியா விட்டுட்டு வேலைக்குக் கிளம்புறப்பல்லாம் மறுபடி விழுந்துடுவியோன்னுதான் நெனப்பு. நானா சொன்னா, உன் வேலைய விடச் சொல்ற மாதிரி ஆயிடுமேன்னுதான் பேசாம இருந்தேன்."

"பல்லு இல்லாதவங்க இந்த நாட்டுலயும் இருப்பாங்க. பாத்துக்கலாம்" என்றாள் அக்கா.

மாலையில் வாளியைத் திருப்பிக் கொடுக்க ஆசிரியை வீட்டுக்குப் போனபோது, அவர்கள் மொழியில் நன்றி சொல்லத் தங்கையிடம் கேட்டுக்கொண்டு போனாள். என்ன தப்பாகச் சொன்னாளோ, ஆசிரியை விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அவளை உட்காரவைத்து, அந்த வார்த்தையை நிதானமாகச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார்.