ஹாய்ட் சொன்ன கடல்

எங்கள் மேற்கு டெக்சாஸில் ஹாய்ட் ராஸ்பெரி என்று நீரோட்டம் பார்க்கும் ஒருவர் இருந்தார். பீச் மரத்துக் கவைக்குச்சியைப் பிடித்துக்கொண்டு நடப்பார். குச்சி தலை கவிழ்ந்த இடத்தில் தண்ணீர் என்பார். தோண்டினால் புழுதிதான். தப்பித் தவறிக்கூட ஒருமுறை பலித்ததில்லை. ஓடுகிற ஓடைக்கரையில் நின்று 'இங்கே தண்ணீர்' என்றார். மறுவாரம் ஓடை வற்றிப்போனது. பண்ணைக்காரர்கள் அவர் வண்டியைக் கண்டாலே கேட்டைப் பூட்டினார்கள். மனிதர் என்னவோ தங்கம். அதுதான் கஷ்டம்.

என் அக்கா லர்லீனுக்கு இருந்தது ஒரே ஒரு எண்ணெய்க் கிணறு. பம்பைப் பார்த்துக்கொள்வது நான். கிழட்டுக் கிணறு, எண்ணெய் ஒரு பீப்பாய் வந்தால் உப்புத் தண்ணீர் இருபது பீப்பாய் வரும். அதைக் கொண்டுபோய்க் கொட்ட லாரி பிடித்தே அவள் ஓய்ந்துபோனாள். சிமென்ட் இறக்கி அடைத்தோம். உள்ளே போய்க் கூழாக இறுகும் மருந்தை இறக்கினோம். தண்ணீர் எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு மேலே வந்து இளித்தது. இந்த மாதத்தோடு கிணற்றை மூடிவிடுவது என்று முடிவான பிறகுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது.

"ஹாய்ட்டக் கூப்பிடுடா."

"எதுக்கு? உனக்குத் தண்ணி பத்தலையாக்கா?"

"அட மரமண்டை! அந்தாளு இருக்குன்னு சொன்னாத்தானே தண்ணி போவும்!"

ஹாய்ட் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். அவரை ஒருவர் கூப்பிட்டுப் பல வருஷம் ஆயிற்று, பாவம். கிணற்றருகே குச்சி தரையைக் குத்தியது.

"தாயி, கீழ கடலே கெடக்கு," என்றார்.

மறுநாள் காலையிலேயே தண்ணீர் குறைந்தது. மதியத்துக்குள் சுத்தமான எண்ணெய். அக்கா என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள். மாட்டிறைச்சி சுட அடுப்பு மூட்டினோம். பலன் பார்க்க வந்திருந்த ஹாய்ட்டை நானும் அக்காவும் சாப்பிடக் கூப்பிடப் போனால், அவர் எண்ணெய்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து குச்சியை முழங்காலில் வைத்து முறிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

"இதுவும் பொய்யாப் போச்சு தாயி. என்னை நம்பிக் கூப்பிட்டது நீ ஒருத்திதான்."

நம்பாததால்தான் கூப்பிட்டோம் என்று எந்த வாயால் சொல்வது? அக்கா ஓடிப்போய் ஐஸ்பெட்டியில் உருகிக் கிடந்த தண்ணீரை ஒரு பாட்டிலில் மொண்டுகொண்டு வந்தாள்.

"இங்க பாருங்கண்ணே, இப்பத்தான் குழாய்ல வந்துச்சு. நீங்க சொன்ன தண்ணி."

அவளுடைய நல்ல மனசுதான் எங்களைக் கெடுத்தது. ஹாய்ட்டின் முகம் மலர்ந்துவிட்டது. எழுந்து நின்று, ஆசீர்வாதம் செய்கிறவர் மாதிரி கையைத் தூக்கினார்.

"தாயி, உன் கெணத்துல இன்னும் நூறு வருஷத்துக்கு எண்ணெய்…"

"டேய், அவரு வாயப் பொத்துடா!" என்று அக்கா அலறினாள். நான் பாய்ந்தேன்.

"…வத்தாது!" என்று முடித்துவிட்டார்.

பம்பு ஒருமுறை விக்கியது. பிறகு குழாயின் மூட்டு தெறித்துத் தண்ணீர் பீய்ச்சியது. அடுப்பு அணைந்தது, இறைச்சி மிதந்தது. எண்ணெய் மருந்துக்குக்கூட இல்லை. ஹாய்ட் முழங்கால் தண்ணீரில் நின்று ஒரு கை அள்ளிக் குடித்து, துப்பினார்.

"உப்பு! கடல்னு சொன்னேனா இல்லையா?"

அக்கா தன் ஒரே கிணற்றைப் பார்த்தாள். அப்புறம், தண்ணீரில் குதித்துக்கொண்டிருந்த அவரைப் பார்த்தாள்.

"சொன்னீங்கண்ணே," என்றாள். "சொன்னபடியே வந்துருச்சு."