கதவு வேஷம்

எழுபத்திரண்டில், பொழிச்சலூர்க் குழந்தை நல நிலையம் ஊருக்கு என்ன செய்திருக்கிறது என்று பார்த்து எழுதத் தாம்பரத்திலிருந்து மெட்டில்டா வந்தாள். கேள்வி கேட்டால் எல்லாப் பெண்களும் "நல்லாக் கீதும்மா" என்றே முடித்துக்கொண்டார்கள். அதனால், நிலையத்தில் நடப்பதை நாடகமாக நடித்துக் காட்டச் சொன்னாள்.

டாக்டர் வேஷத்துக்கு ஏகப்பட்ட போட்டி. பச்சையம்மா தாயானாள், சுருட்டிய துண்டு குழந்தையானது.

"செல்லியக்கா, நீங்க?" என்றாள் மெட்டில்டா.

"நான் கதவு."

பெண்கள் சிரித்தார்கள். "கதவுக்கு இன்னாக்கா பேச்சு?" என்றாள் பச்சையம்மா.

"கீது. வெளிய போய் நின்னுகினு கூப்டு."

செல்லியம்மாள் நிலையத்துக் கூடத்து வாசலில் நின்று, நிலைச்சட்டத்தின் இருபுறமும் கைகளை ஊன்றினாள். போன சித்திரையில், வயிற்றுப்போக்கில் துவண்ட மகளோடு அவள் நின்றது இதே வாசலுக்கு வெளியேதான். அந்த வருஷம் ஒரு குழந்தையும் சாகவில்லை என்று நிலையத்தார் அச்சடித்ததையும் அவளே படித்திருந்தாள்.

"கதவத் தெறங்க! கொழந்தைக்குக் கண்ணு சொருவுது!" என்றாள் பச்சையம்மா.

"டாக்டர் சாப்டப் போயிட்டாரு. அப்பால வா."

பச்சையம்மா துண்டை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

நிலையத் தலைவர் ஐசக் எழுந்தார். "இதெல்லாம் எதுக்கும்மா? தடுப்பூசி போடறதக் காட்டுங்க."

"கதவு மூடிக் கீதே சார். உள்ள எப்டி வர்றது? போன சித்திரைல எங் கொழந்த இந்த வாசல்லயே செத்துது," என்றாள் செல்லியம்மாள்.

"சரி, நாடகம் முடிஞ்சுது. நான் சாப்பிடப் போகணும், நகரு."

"கதவு தானா நகருமா சார்?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஐசக்கின் முகம் சிவந்தது. செல்லியம்மாள் மெட்டில்டாவைப் பார்த்தாள்.

"நீ இன்னாம்மா எழுதின?"

மெட்டில்டா தாளைத் தூக்கிக் காட்டினாள். செல்லியம்மாள் கையை எடுக்காமலே படித்தாள்.

"'ஒரு குழந்தை இறந்தது'ன்னு போட்டுக்கீற. அதுக்குப் பேரு கீது. கஸ்தூரி."

"ரிப்போர்ட்ல பேரெல்லாம் போடற வழக்கமில்ல," என்றார் ஐசக்.

"அப்ப இங்கயே இருங்க சார். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

வெளியே பச்சையம்மா துண்டோடு படியில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே இருந்த பெண்களும் ஒவ்வொருவராக வந்து செல்லியம்மாளின் இருபுறமும் நின்றார்கள். ஐசக் கடைசியில் மெட்டில்டாவிடம், "எழுதும்மா," என்றார்.

அவள் எழுதிக் காட்டினாள். கதவு மூடியிருந்ததும் இருந்தது, கஸ்தூரியும் இருந்தாள். செல்லியம்மாள் இரண்டு முறை படித்துவிட்டுக் கைகளை இறக்கினாள்.

"போங்க சார். சோறு ஆறிடப் போவுது."