டோரிஸ் ஆன்டி கேட்ட மெல்லிய தரை

“மேல்மாடிக்குப் பலகைத் தரைதான். இதுக்கு மேல பேச்சில்ல.”

“அப்படின்னா நீங்களே மேல போய் இருங்க மம்மி. நான் வெளிய ரூம் பாத்துக்கறேன்.”

இரண்டு குரலும் எங்கள் சமையலறை வரை வந்தன. நான் உடனே வேலியோரம் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன். சற்றுமுன் மழை பெய்து நின்றிருந்தது. ஆனால் செடிக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பது என் சொந்த விஷயம்.

பக்கத்து மனையில் வாலண்டைன் அங்கிள் குடும்பம் வீடு கட்டிக்கொண்டிருந்தது. ரயில்வேயில் ரிட்டயரானவர், பேசும் வேலை முழுவதையும் மனைவி டோரிஸிடம் விட்டுவிட்டவர். எங்கள் கிள்ளான் ஊரில் யாரும் இதுவரை பார்த்திராத மாதிரி வீடு அது. மீன் பெட்டி போன்ற வெள்ளை ஃபோம் கட்டைகளை அடுக்கி, நடுவே கம்பி வைத்து, கான்கிரீட் ஊற்றுவார்களாம். ஃபோமைக் கழற்றாமல் அப்படியே விட்டுவிடுவார்களாம். வெயிலும் உள்ளே வராது, சத்தமும் வெளியே போகாது என்றார் இன்ஜினியர் கார்த்திகேசு. முதல் பாதி நல்ல செய்திதான். இரண்டாவது பாதி எங்கள் தெருவில் யாருக்கும் பிடிக்கவில்லை.

சண்டை எதற்கு என்றால், கீழ்ச்சுவருக்கு மறுவாரம் கான்கிரீட் ஊற்ற வேண்டும். மேல்மாடித் தரை பலகை என்றால், அதைத் தாங்கும் இரும்புச் சட்டங்களுக்கான போல்ட்டுகளை இப்போதே சுவருக்குள் வைக்க வேண்டும். கான்கிரீட் தளம் என்றால் சுவரிலிருந்து கம்பியை நீட்டி விட வேண்டும். ஊற்றிய பிறகு மனம் மாறினால் சுவரைக் குடைவதுதான் வழி. மேல்மாடி மகள் ஆட்ரிக்கு. அவளுக்குக் கான்கிரீட் வேண்டும். அம்மாவுக்குப் பலகை வேண்டும். கூரைக்கு மட்டும் டோரிஸ் மொட்டை மாடியாகக் கனத்த கான்கிரீட் கேட்டார், துணி காயவைக்கவாம்.

கார்த்திகேசு வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டே, “எல்லாரும் தரையை கனமாவும் கூரையை லேசாவும் கேப்பாங்க. ஆன்டி தலைகீழா கேக்குறீங்களே,” என்றார்.

எனக்கு அங்கேதான் பொறி தட்டியது. டோரிஸ் வீட்டில் துணி உலர்த்தும் மெஷின் இருக்கிறது, நானே பார்த்திருக்கிறேன். மொட்டை மாடிக்குப் போகும் படியோ ஆட்ரியின் அறை வாசலைத் தாண்டித்தான் போகிறது. பலகைக்கும் காரணம் உண்டு. அவர்கள் தற்காலிகமாக இருந்த எதிர் வரிசை வாடகை வீட்டில் மாடித்தரை பழைய பலகை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் ஆபீஸிலிருந்து வந்ததும் ஆட்ரி போனை எடுப்பாள். உட்கார்ந்து பேசும் பழக்கம் இல்லை, நடந்துகொண்டே பேசுவாள். கீழே டோரிஸ் தலையை நிமிர்த்திக் கேட்டுக்கொண்டிருப்பார். யாரோ ஒருவன் இருக்கிறான் என்று அம்மாவுக்குச் சந்தேகம். அம்மா கேட்பது தரையை அல்ல, தன் காலடிச் சத்தத்தை என்று மகளுக்குச் சந்தேகம். இருவர் சொல்வதும் சரி என்று எனக்குச் சந்தேகம்.

அந்த வெள்ளிக்கிழமை எங்கள் வட்டார ஜெபக்கூட்டம் டோரிஸின் வாடகை வீட்டில். ஜெபமாலை முடிந்ததும் ஆளுக்கொரு மன்றாட்டு சொல்ல வேண்டும். மற்றவர்கள் சேர்ந்து பதில் சொல்வோம். தெருச் செய்தி பாதி எங்களுக்கு இப்படித்தான் கிடைக்கிறது. டோரிஸ் கண்ணை மூடி, பிள்ளைகள் பெற்றோரிடம் எதையும் மறைக்காமல் வாழவும், வீட்டுத் தரை நல்லபடி முடிவாகவும் வேண்டிக்கொண்டார். நாங்கள் பதில் சொன்னோம்.

அடுத்தது ஆட்ரி. “கண் ஆபரேஷன் செஞ்சிருக்கிற நல்லம்மாள் ஆன்டிக்காகவும், அவங்க மகன் லோகனுக்காகவும், லோகனும் நானும் நல்லபடியா கல்யாணம் செஞ்சுக்கணும்னும் ஆண்டவரை மன்றாடுவோம்.”

“ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்,” என்றோம் அனைவரும். வாய் பழகிய பழக்கம், காது பின்னால்தான் வந்தது. பதிலை முன்னின்று சொன்னவரே டோரிஸ். எல்லாரையும்விட உரக்க.

எல்லாரும் டோரிஸைத் திரும்பிப் பார்த்தோம். வாலண்டைன் அங்கிள்தான் தொண்டையைச் செருமி அடுத்த பாட்டை எடுத்தார். அவர் குரலை நான் அன்றுதான் முழுதாகக் கேட்டேன்.

எல்லாரும் போன பிறகு தட்டு கழுவ உதவுகிறேன் என்று நான் தங்கிவிட்டேன். டோரிஸ் என்னைக் கவனிக்கும் நிலையில் இல்லை.

“தனியா சொல்லியிருக்கலாமே ஆட்ரி.”

“தனியா சொன்னா வேணாம்னுவீங்க.”

டோரிஸ் வெகுநேரம் ஒரே தட்டைத் துடைத்தார். பிறகு, “நீ சொல்லாம கொள்ளாம போயிருவேன்னுதான் பயம். நடக்குற சத்தம் கேட்டா, புள்ள வீட்டுலதான் இருக்குன்னு தெரியும்,” என்றார்.

“கான்கிரீட் போட்டா இருப்பேன் மம்மி. பலகை போட்டா போயிருவேன். கல்யாணம் ஆனாலும் இதான்.”

எனக்கு இன்னும் நாலு தட்டு பாக்கி இருந்தது. ஆனால் டோரிஸ் துடைத்த துணியை உதறிப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். மறுநாள் காலை கார்த்திகேசுவுக்குப் போன் போட்டது அவரேதான். தரை கான்கிரீட். கூரை லேசான இரும்புச் சட்டம், மேலே வெப்பம் தடுக்கும் தகடு. மொட்டை மாடியும் இல்லை, அதற்குப் படியும் இல்லை. இவ்வளவு சுலபமாக டோரிஸ் விட்டுக்கொடுத்ததைத் தெருவில் யாரும் நம்பவில்லை. எங்கேயோ ஏதோ இருக்கிறது என்று பேசிக்கொண்டோம்.

வீடு முடிந்ததும் கிள்ளான் தேவாலயத்தில் ஆட்ரிக்கும் லோகனுக்கும் கல்யாணம் நடந்தது. லோகன் மேல்மாடிக்குக் குடிவந்தான். அவன் தாய் நல்லம்மாளைச் செந்தூல் பிளாட்டில் தனியாக விடக்கூடாது, மாடி ஏற அவரால் முடியாது, கீழே தன் பக்கத்து அறையிலேயே இருக்கட்டும் என்று கட்டாயப்படுத்திக் கூட்டி வந்தவர் டோரிஸ்தான். மேலே நடப்பதை மகன் தாயிடம் சொல்வான், தாய் சம்பந்தியிடம் சொல்லுவார் என்பது எங்கள் கணக்கு. அந்தச் சுவரைத் தாண்டி ஒன்றும் வராததால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. முறையிடலாம் என்றால், அந்தச் சுவரைக் கட்டிய கார்த்திகேசுவும் ஈப்போவில் பெண் எடுத்து அங்கேயே போய்விட்டார்.