வலது கை விட்ட குடி

அந்தத் தெருவில் சோப்பு நுரைக்குப் பேர்போன சலூன் ஒன்றுதான் இருந்தது. சலூன்காரர் பிரஷ்ஷைக் கிண்ணத்தில் வைத்தால் போதும், ஆட்டுகிற வேலையைக் கையே பார்த்துக்கொள்ளும். நுரை கிண்ணத்தைத் தாண்டி, மேசையைத் தாண்டி, ஒருமுறை வாசலைத் தாண்டித் தெருவுக்கே போனதாகவும், அதில் எதிர்வீட்டுப் பூனை வழுக்கி விழுந்து மூன்று நாள் நொண்டியதாகவும் சொல்வார்கள். பூனையை யாரும் விசாரிக்கவில்லை. சலூன்காரரையும்தான்.

நுரை அடிக்கும்வரை தொல்லை இல்லை. பிரஷ்ஷை வைத்துவிட்டுக் கத்தியை எடுத்தால், கத்தி வந்த விஷயம் கைக்குத் தெரியாது. அது பாட்டுக்கு ஆடிக்கொண்டே இருக்கும்.

ஒருநாள் காலையில், முதல் நாற்காலியில் கணக்கு வாத்தியார் சாய்ந்திருந்தார். காதுக்குக் கீழே கத்தி லேசாகத் தடுக்கியது. ஒரு சொட்டு ரத்தம் நுரையில் பூத்தது.

"என்னய்யா, காலையிலேயே ஆரம்பிச்சாச்சா?" என்றார் வாத்தியார்.

"எதை சார்?"

"எதையாம்! கேக்கறான் பாரு. குடிக்கிறவனுக்குக் கை நடுங்கும். உனக்குக் கை நடுங்குது. ஆகவே..."

பெஞ்சில் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். வாத்தியார் நாற்பது வருஷம் கரும்பலகையில் எத்தனையோ நிரூபித்தவர். அதில் எதையும் எந்தப் பையனும் வீட்டுக்கு எடுத்துப் போனதில்லை. இந்த 'ஆகவே' மட்டும் மத்தியானத்துக்குள் தெரு முழுக்கப் போய்விட்டது.

சலூன்காரர் அதுவரை ஒரு சொட்டு குடித்தவர் இல்லை. தாடையில் தடவும் லோஷன் வாசனைக்கே தும்முகிறவர். ஆனால் வாடிக்கைக்காரர்கள் தும்மலை எண்ணவில்லை, நடுக்கத்தைத்தான் பார்த்தார்கள். ஒவ்வொருவராகப் பக்கத்து நாற்காலிக்கு, அவர் தம்பியிடம் நகர்ந்தார்கள்.

"அண்ணே, கோவிச்சுக்காத. நீ நுரை மட்டும் அடிச்சுக் குடு, கத்திய நான் பாத்துக்கறேன்" என்றான் தம்பி ஒருநாள்.

"நீயும் நம்பறியாடா?"

"நான் நம்பி என்ன, நம்பாட்டி என்ன? கழுத்து அவங்களோடதுல்ல?"

முதல் நாற்காலி அவர்கள் அப்பாவுடையது. அப்பாவுக்குப் பின் மூத்தவருடையது. இப்போது அதில் துவைத்த துண்டுகளை அடுக்கி வைத்தார்கள். சலூன்காரர் மூலையில் நின்று நுரை அடித்தார். அவருக்கு உலகத்தில் வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: யாராவது ஒரு மனிதன் பயப்படாமல் அந்த நாற்காலியில் சாய்ந்து, கழுத்தை நிமிர்த்திக் காட்ட வேண்டும்.

அவர் பக்கம் நின்றது மனைவி மட்டும். மளிகைக் கடை, மருந்துக்கடை என்று எங்கே பேச்சு வந்தாலும் அங்கேயே பையைக் கீழே வைத்துவிட்டுச் சண்டைக்கு நிற்பாள். "எங்க வீட்டுக்காரர் வாயில தண்ணியும் டீயும் தவிர வேற எதுவும் போனதில்ல. தெரியுமில்ல?" என்று அவள் போட்ட சத்தத்தில் மளிகைக்காரர் தராசு முள் கூட நேராக நின்றதாம். அந்தத் தராசு அதற்கு முன்னும் பின்னும் நேராக நின்றதில்லை.

ஒரு மத்தியானம், நுரை அடித்து அடித்து மனம் கசந்துபோய், சலூன்காரர் நேராகச் சாராயக் கடைக்குள் நுழைந்தார். குடிக்காமலே பேர் வாங்கியாயிற்று, வாங்கிய பேருக்கு ஒரு மரியாதையாகவாவது குடித்துவிடலாம் என்று நினைத்தார். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு கிளாஸை உள்ளே தள்ளினார். கொஞ்ச நேரத்தில் கையைப் பார்த்தார். கை நின்றிருந்தது.

திருப்பிப் பார்த்தார். வேறு யாருடைய கையோ தன் சட்டைக்குள் புகுந்துவிட்டதோ என்று தோன்றியது. அதே கிளாஸில் தண்ணீரை விளிம்புவரை ஊற்றி, கடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஏந்திப் போனார். ஒரு சொட்டு சிந்தவில்லை.

சலூனுக்கு வந்தபோது தம்பி சாப்பிடப் போயிருந்தான். வாத்தியார் அவசரமாக எங்கோ கிளம்பும் கோலத்தில் நின்றிருந்தார். வேறு வழியில்லாமல் துண்டுகளை எடுத்துவிட்டு முதல் நாற்காலியில் உட்கார்ந்தார். கத்தி அவர் கன்னத்தில் வெண்ணெயில் போவதுபோலப் போனது. வாத்தியார் கண்ணாடியில் கன்னத்தைத் தட்டிப் பார்த்தார்.

"பாத்தியா? விட்டதும் கை எப்படி நிக்குது! இதைத்தான் அன்னிக்கே சொன்னேன்!"

வாழ்க்கையில் முதல்முறையாகக் குடித்திருந்தவருக்கு, குடியை விட்டதற்காகத் தெருவே கைகுலுக்கியது.

அதன் பிறகு தினமும் கத்தியைத் தொடுவதற்கு முன் ஒரு கிளாஸ். போதை இறங்கினால் கை பழையதைவிட மோசமாக ஆடியது, ஆகவே இன்னொரு கிளாஸ். வாத்தியாரின் அந்த 'ஆகவே' எப்படியோ தன் வேலையைச் செய்து முடித்தது.

மனைவிக்கு எத்தனை நாள் மறைக்க முடியும்?

"ஏங்க, ஊதுங்க."

"லோஷன் வாசனைடி."

"லோஷன் கையில மணக்கும். வயித்துலேர்ந்து மணக்காது."

அவர் தலை குனிந்தார். "குடிச்சாத்தான் கை நிக்குது. சத்தியமா."

"எல்லாக் குடிகாரனும் இதைத்தாங்க சொல்றான்." அவள் சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்தாள். "உங்களுக்காக எத்தனை பேர் கிட்டச் சண்டை போட்டேன்! கடைசியில அத்தனை பேரும் சரி. நான் ஒருத்திதான் முட்டாள்."

ஊர் பேசியபோது வலிக்காத இடத்தில் அன்று வலித்தது.

மறுநாளே தம்பியும் மனைவியும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக் குடியை நிறுத்த வைக்கும் மருத்துவமனைக்கு இழுத்துப் போனார்கள். அங்கே ஒரு டாக்டரம்மா. அவர் திட்டவில்லை. அதிலேயே மூவரும் கொஞ்சம் மிரண்டுபோனார்கள்.

"முதல்ல நடுக்கம் வந்துச்சா, குடி வந்துச்சா?"

"நடுக்கம்தாம்மா. குடி இப்ப வந்தது. குடிச்சாத்தான் கை நிக்குதுன்னா இவ நம்பல."

டாக்டரம்மா ஒரு தாளைக் கொடுத்து, உள்ளிருந்து வெளியே வரும்படி ஒரு சுருள் வரையச் சொன்னார். சலூன்காரர் வரைந்தது, கோழி கிளறிய மண்போல இருந்தது.

"வீட்டுல வேற யாருக்காவது இப்படிக் கை ஆடுமா? அப்பாவுக்கு?"

தம்பி முந்திக்கொண்டான். "அப்பா பெரிய குடிகாரர் டாக்டர்."

"குடிச்சு நீங்க பாத்திருக்கீங்களா?"

"பாத்ததில்ல. ஊரே சொல்லும்."

"பாட்டில் ஏதாவது?"

தம்பி அண்ணனைப் பார்த்தான். பதில் சொன்னது அண்ணன். "அப்பா போனதும் அலமாரி, பரண், கட்டிலுக்கு அடியில, எல்லாத்தையும் தேடினோம். ஒரு பாட்டில் கிடைக்கல. என்னா சாமர்த்தியமா ஒளிச்சு வெச்சிருக்காரு மனுஷன்னு பேசிக்கிட்டோம்."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே தான் சொன்னது காதில் விழுந்தது. தம்பி தன் விரல்களை விரித்துப் பார்த்துவிட்டுச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

"இது மூளையில ஒரு சின்ன இடம் பண்ற வேலை" என்றார் டாக்டரம்மா. "வம்சத்துல வரும். கொஞ்சம் குடிச்சா அடங்கற மாதிரி இருக்கும். இறங்கினதும் இன்னும் ஜாஸ்தியா ஆடும். அப்புறம் குடியும் வியாதியாயிடும். அவர் உங்ககிட்டச் சொன்னது நிஜம்தாம்மா."

மனைவி கணவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அது அங்கேயும் ஆடிக்கொண்டிருந்தது.

குடியை நிறுத்த வைத்தார்கள். மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். மாத்திரை தூக்கத்தைத்தான் கொண்டுவந்தது, கை தூக்கத்திலிருந்து எழுந்ததும் மறுபடி ஆடியது. கடைசியில் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள்.

அங்கிருந்த டாக்டர் பொறுமையாக விளக்கினார். "வயித்துப் புள்ளைய ஸ்கேன்ல பாக்கறோம்ல, அதே ஜாதி ஒலி. காதுக்குக் கேக்காது. மண்டையைச் சுத்தி நிறைய இடத்துலேர்ந்து அனுப்பி, உள்ள ஒரே புள்ளியில சேர வைப்போம். அந்தப் புள்ளி மட்டும் சூடாகும், நடுக்கத்தைக் கிளப்பற இடம் அடங்கும். மண்டையத் திறக்க வேண்டியதில்ல, கத்தி இல்ல."

"கத்தியே கிடையாதா?" என்றார் சலூன்காரர். தொழில்முறையில் அவருக்கு அது கொஞ்சம் வருத்தம்.

தம்பி மெதுவாக முன்னால் வந்தான். "டாக்டர், அப்படியே பக்கத்துல குடிக்கிற ஆசைன்னு ஏதாவது இருந்தா, அதையும் ஒரு சூடு போட்டு விட்டுருங்களேன். ஊருக்குச் சொல்லிக்கலாம்."

"மனச்சோர்வு, போதைப் பழக்கம் இதுக்கெல்லாம் சுடாம, மெல்லிசா ஒலியால தட்டி விட்டுப் பாக்கற ஆராய்ச்சி நடக்குது. இன்னும் ஆராய்ச்சிதான். ஆனா உங்க அண்ணனுக்கு எதுக்கு? வியாதி அவர் மூளையில. நீங்க சொல்றது ஊர் வாயில இருக்கு, அங்கே என் மிஷின் எட்டாது." பிறகு சலூன்காரரிடம் திரும்பினார். "இப்போ ஒரு பக்கம்தான் செய்வோம். வலது கை அடங்கும், இடது கை அப்படியேதான் இருக்கும். கொஞ்ச நாளைக்கு நடை தள்ளாடலாம். பயப்படாதீங்க. தலையில ஒரு முடி இருக்கக் கூடாது, மழிச்சுட்டு வாங்க."

மழிப்பதற்கு அவர் வேறெங்கும் போகவில்லை. முதல் நாற்காலியில், இந்தமுறை வாடிக்கைக்காரராக உட்கார்ந்தார். தம்பி கத்தியை எடுத்தான். தலையை நனைக்கத் தண்ணீர் தெளிக்க வேண்டியிருக்கவில்லை. தம்பியின் கண்களே அந்த வேலையைப் பார்த்துக்கொண்டன.

"அப்பாவுக்குக் கடைசியா ஷேவ் பண்ணி விட்டப்போ கூட அவர்கிட்ட நான் ஒரு வார்த்தை பேசலண்ணே."

"நான் மட்டும் பேசினேனா? மழிடா."

மருத்துவமனையில் மரத்துப்போக ஊசி போட்டு, தலையில் ஒரு சட்டத்தை முடுக்கி, குளிர்ந்த நீர் ஓடும் தொப்பியை மாட்டி, குழாய்போன்ற ஸ்கேனுக்குள் அவரைத் தள்ளினார்கள். விழித்தபடிதான் கிடந்தார். ஒவ்வொரு முறை ஒலியைச் செலுத்திய பிறகும் ஒரு பலகையை நீட்டிச் சுருள் வரையச் சொன்னார்கள். முதல் சுருள் கோழி கிளறியது. அடுத்தது, கோழி கொஞ்சம் நிதானமாகக் கிளறியது. கடைசியில் கோழியே இல்லை. நத்தை ஓடுபோல ஒரு சுருள், கோணல் இல்லாமல் வளைந்து வளைந்து வெளியே வந்தது.

டாக்டர் சிரித்தார். சலூன்காரர் அழுதார். சந்தோஷத்தில் அழுகிறார் என்று அங்கிருந்தவர்கள் நினைத்தார்கள். ஒரு சுருள் வரையச் சொல்ல ஆளில்லாமல் செத்துப்போன ஒருவரை அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஊர் திரும்பிய அன்று, டாக்டர் சொன்னபடியே நடை தள்ளாடியது. வண்டியிலிருந்து இறங்கி, மனைவி தோளைப் பிடித்து, மொட்டைத் தலையோடு தெருவில் நடந்தார்.

"ஆஸ்பத்திரிக்குப் போறேன்னுட்டு வழியில எங்கேயோ இறங்கிட்டாரு போல" என்றது ஒரு ஜன்னல்.

மனைவி திரும்பி அந்த ஜன்னலைப் பார்த்தாள். பழைய சத்தம் வரவில்லை. அந்தச் சத்தத்தை அவளே ஒருநாள் தொலைத்துவிட்டிருந்தாள். அன்று சாயங்காலம் காபி கொடுக்கும்போது, பழக்கத்தில், குனிந்து அவர் மூச்சை முகர்ந்தாள். பிறகு தன் மூக்கையே அடித்துக்கொள்வதுபோல முந்தானையால் மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நடை நேரானதும் கடைக்கு வந்தார். முதல் நாற்காலியில் துண்டுகள் இல்லை, தம்பி துடைத்து வைத்திருந்தான். ஆனால் வந்தவர்கள் எல்லாம் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்கள். அப்போது வாத்தியார் வந்து தம்பியின் நாற்காலியைப் பார்த்து நடந்தார். தம்பி அதன் குறுக்கே நின்றான்.

"இன்னிக்கு என் நாற்காலிக்கு லீவு சார். ஷேவ் வேணும்னா அண்ணன்தான்."

"உனக்கு என்னய்யா ஆச்சு?"

"லேட்டா புத்தி வந்துச்சு சார். உக்காருங்க."

வாத்தியார் முதல் நாற்காலியில் சாய்ந்தார். துண்டைக் கட்டும்போது சலூன்காரரின் இடது கை தோளுக்கு மேல் படபடத்தது. வாத்தியார் அதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

"அடடே! வலது கை குடிய விட்டாச்சு, இடது கை இன்னும் விடலையா?"

பெஞ்ச் முழுக்க ஒரே சிரிப்பு. சலூன்காரர் இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். வலது கையால் நுரை பூசினார், கத்தியை விரித்தார், வாத்தியாரின் தொண்டைக் குமிழ்மேல் வைத்தார். கத்தி ஆணி அடித்ததுபோல நின்றது. சிரிப்பும் நின்றது.

"அசையாதீங்க சார். பேசவும் வேணாம், தொண்டை ஆடும். நான் பேசறேன், நீங்க கேளுங்க." கத்தி மெல்ல மேலே ஏறியது. "எங்கப்பாவுக்கும் இதே வியாதிதான். நீங்க போட்ட கணக்கை உங்களுக்கு முன்னாடி வேற ஒருத்தர் போட்டாரு. அதை ஊர் நம்புச்சு, பெத்த புள்ளைங்க நாங்களும் நம்பினோம். டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போகாம, பாட்டிலைத் தேடினோம். கை நடுங்கற மனுஷனைப் பாத்தா வைத்தியத்துக்கு வழி சொல்லணும் சார், பேர் வைக்கக் கூடாது. பேர் வெச்சுட்டா அவன் வெக்கத்துல வியாதிய மறைப்பான், இல்லேன்னா என்னை மாதிரி அந்தப் பேருக்கே குடிக்கப் போவான். நிஜமாவே குடிக்கிறவனா இருந்தாலும் அவனுக்கும் வேண்டியது வைத்தியம்தான். உங்க சிரிப்பு இல்ல. என் கைக்கு மிஷின் கண்டுபிடிச்சுட்டாங்க. நாக்குக்கு இன்னும் கண்டுபிடிக்கல, அதை அவங்கவங்கதான் அடக்கணும்."

கன்னத்தில் ஒரு கீறல் கூட விழவில்லை. வாத்தியார் எழுந்தார், தொண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். தம்பி நீட்டிய துண்டை வாங்கும்போது அவர் கை வெடவெடவென்று நடுங்கியது.

சலூன்காரர் அந்தக் கையை உற்றுப் பார்த்தார்.

"என்ன சார், காலையிலேயே ஆரம்பிச்சாச்சா?"